வேவ்லெங்த்: மூன்று வருடம் விளையாடிய பிறகு

வேவ்லெங்த் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பெட்டியின் ஓரமெல்லாம் நைந்துவிட்டது. புள்ளி குறிக்கும் காய் ஒன்று தொலைந்துபோய், அதன் வேலையை இப்போது ஒரு சட்டைப் பொத்தான் பார்க்கிறது. வாங்கிய புதிதிலேயே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2019-இல் வந்த பார்ட்டி கேம் இது. வடிவமைத்த மூவரில் ஒருவர் வொல்ஃப்காங் வார்ஷ். அதற்கு முந்தைய வருடம் வந்த அவருடைய 'தி மைண்ட்' விளையாட்டில் வாயே திறக்கக்கூடாது; இதில் வாயை மூடவே முடியாது. நடுவில் ஓர் அரைவட்டக் கருவி. சக்கரத்தைச் சுழற்றினால் இலக்கு எங்கோ போய் நிற்கும். துப்பு கொடுப்பவர் மட்டும் அதைப் பார்த்துவிட்டுத் திரையை மூடிவிடுவார். எடுத்த அட்டையில் 'சூடு – குளிர்' மாதிரி இரண்டு எதிர்முனைகள் இருக்கும். இலக்கு நிற்கும் இடத்துக்குப் பொருந்துகிற ஒரு துப்பை அவர் சொல்ல, அவருடைய அணி பேசிப் பேசி முள்ளைத் திருப்பும். முள் இலக்கின் நட்டநடுவில் விழுந்தால் 4 புள்ளி, கொஞ்சம் தள்ளினால் 3, இன்னும் தள்ளினால் 2. இலக்கு முள்ளுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று சரியாகச் சொன்னால் எதிரணிக்கும் 1 உண்டு. முதலில் 10 எடுக்கும் அணிக்கு வெற்றி.

விதிகளை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் புதிதாக வருபவர்களில் யாராவது ஒருவர் திரையை மூடாமலே கருவியை எல்லோர் பக்கமும் திருப்பிக் காட்டிவிடுவார். இது தவறாமல் நடக்கும். "மூடு, மூடு!" என்று கத்தியே எங்களுக்குப் பழகிவிட்டது.

புள்ளிக் கணக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. முள்ளைத் திருப்புவதற்கு முன் நடக்கும் சண்டைதான் விளையாட்டே. அட்டைகள் ஆங்கிலத்தில் இருந்ததால் ஆறேழு மாதத்தில் நாங்களே தமிழில் எழுத ஆரம்பித்தோம். அப்படி எழுதிய ஓர் அட்டை, 'பெரிய விஷயமில்லை – பெரிய விஷயம்'. தங்கை திரையை மூடிவிட்டு, "பிறந்தநாளை மறப்பது" என்றாள். நான் யோசிக்காமல் முள்ளை இடது கோடிக்குத் தள்ளினேன். அண்ணன் என் கையைப் பிடித்து, "டேய், யாருடைய பிறந்தநாள்?" என்றான். கொஞ்சம் நடுவே நகர்த்தினேன். துப்பு கொடுப்பவர் முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பது விதி. அவளும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை திறந்தபோது இலக்கு வலது ஓரத்தில் இருந்தது. அந்த வருடம் அவளுடைய பிறந்தநாளை நான் மறந்திருந்தேன். இரண்டு மாதமாக அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. ஒரே கூட்டத்தோடு தொடர்ந்து விளையாடினால் துப்புகள் சங்கேதமாகிவிடுகின்றன. எங்களுக்குள் 'மாமாவின் கார்' என்றால் எந்த அட்டையானாலும் 'பயங்கரம்' பக்கம் எழுபது சதவீதம் என்று பொருள். விதிப்படி இலக்கின் இடத்தை எண்ணால் சொல்லக்கூடாது. நாங்கள் எண்ணைக் காராக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். புதிதாக வந்த நண்பர் ஒருவர் அரை மணி நேரம் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இப்போது புதியவர் இருக்கும்போது வீட்டுக் கதைகள் துப்பாக வரக்கூடாது என்று தடை போட்டிருக்கிறோம். மாமாவுக்கு இதில் பரம திருப்தி.

இன்னொன்று, சத்தமாகப் பேசுபவர் கையில்தான் முள் போய்ச் சேரும். எங்கள் கூட்டத்தில் அது நான். அதனால் சுற்றுக்கு ஒருவர் மட்டும் முள்ளைத் தொடலாம் என்று சொந்த விதி ஒன்று வைத்தோம். வாய் திறக்காதவர்கள் அதற்குப் பிறகுதான் பேசவே ஆரம்பித்தார்கள்.

2 முதல் 12 பேர் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆறிலிருந்து எட்டு பேர் இருந்தால் பிரமாதம். பத்தைத் தாண்டினால் பாதிப் பேர் போனை எடுத்துவிடுகிறார்கள். இரண்டே பேர் என்றால், எல்லோரும் ஒரே அணியாக ஆடும் முறை இருக்கிறது. ஏழு அட்டைகள், வேகமாக முடிந்துவிடும். ஆனால் எதிரணி இல்லாததால் காரம் குறைவு. பெரும்பாலும் இரண்டே பேர்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் இதை வாங்கச் சொல்லமாட்டேன்.

அந்தப் பிறந்தநாள் அட்டை இன்னும் அட்டைக்கட்டுக்குள்தான் இருக்கிறது. ஒருமுறை ரகசியமாக எடுத்துவிடப் பார்த்தேன். அண்ணன் எண்ணி வைத்திருக்கிறான்.