துபாய்க்கு அப்போஸ்டில் போதும் என்பவரிடம் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்

ஷார்ஜாவில் வேலை உறுதியாகி, டிகிரி சர்டிஃபிகேட்டை அட்டெஸ்டேஷன் செய்து (அது உண்மையானதுதான் என்று அரசு முத்திரை வாங்கி) அனுப்பச் சொன்னார்கள். திருச்சியில் மாடி ஒன்றில் இருக்கும் கன்சல்டன்சியில் ஒரிஜினலைக் கொடுத்தேன். "பதினஞ்சு நாள்ல முடிச்சிரலாம் தம்பி, டெல்லியில நம்ம ஆள் இருக்கார்." 14,000 ரூபாய். ஜி-பேயில் அனுப்பிவிட்டு ரசீது கேட்டால், விசிட்டிங் கார்டைத் திருப்பி அதன் பின்னால் தொகையை எழுதி நீட்டினார். அப்போதே எழுந்து வந்திருக்கணும்.

பதினஞ்சு நாள் நாற்பது நாளானது. போன் போட்டால் "ஆபீசர் லீவு". ஒருவழியாக வந்த சர்டிஃபிகேட்டின் பின்பக்கம் டெல்லி எஸ்.டி.எம். (துணைக் கோட்ட மாஜிஸ்திரேட்) முத்திரை, கீழே வெளியுறவு அமைச்சகத்தின் சதுர ஸ்டிக்கர், அதில் நம்பர். அந்த ஸ்டிக்கர்தான் அப்போஸ்டில். பார்க்கப் பக்காவாக இருந்தது. ஸ்கேன் செய்து அனுப்பினேன். கம்பெனியில் விசா, அரசுக் காகித வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.விடமிருந்து ஒரே வரி: "இது இங்கே செல்லாது."

ஸ்டிக்கர் போலி இல்லை, அதுதான் கொடுமை. அப்போஸ்டில் என்பது, ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஒரே சான்றோடு ஏற்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள் மட்டும் எடுபடும். இந்தியா 2005-ல் சேர்ந்தது. ஓமன், பஹ்ரைன் அதில் உண்டு, சவுதிக்கும் 2022 டிசம்பரிலிருந்து செல்லும். துபாய், ஷார்ஜா எல்லாம் சேர்ந்த அமீரகம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அங்கே போகிற டிகிரிக்கு முதலில் மாநிலக் கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே போய் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை விழணும். என்னுடையதில் முதல் படியே இல்லை. தமிழ்நாட்டு டிகிரிக்கு டெல்லி எஸ்.டி.எம். முத்திரையைக் குறுக்கு வழியில் வாங்கியிருக்கிறார்கள். (ஜெர்மனி போகிறவர்களும் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்திய அப்போஸ்டிலை அவர்கள் ஏற்பதில்லை.)

இன்னொரு வயிற்றெரிச்சல்: அந்த ஸ்டிக்கருக்கு அமைச்சகம் வாங்குவது 50 ரூபாய். சர்டிஃபிகேட்டை அமைச்சகம் நேரில் வாங்காது, அங்கீகரித்த ஏஜென்சிகள் வழியாகத்தான் கொடுக்கணும், அவர்களுக்குச் சேவைக் கட்டணம் உண்டு. அந்த ஏஜென்சிகளின் பெயர்கள் அமைச்சகத்தின் தளத்திலேயே இருக்கின்றன. என் ஆள் அதில் இல்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்கத் தோன்றவில்லை.

நேரில் போய்க் கேட்டேன். "எந்த நாடுன்னு நீங்க சொல்லவே இல்லையே தம்பி" என்றார். மேஜைமேல் கிடந்த என் ஃபைலில் முதல் தாளே ஷார்ஜா ஆஃபர் லெட்டரின் ஜெராக்ஸ். அதைக் காட்டியதும், இன்னும் 9,000 கொடுத்தால் "எம்பசி வேலையையும் சேத்து முடிச்சித் தர்றேன்" என்கிறார். பணத்தைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை.

சர்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது மாநில அட்டெஸ்டேஷனிலிருந்து மறுபடி ஆரம்பம். கம்பெனி இந்த மாசக் கடைசி வரைதான் டைம் கொடுத்திருக்கிறது.