மரு எடுக்கப் போகிறவர்களே, கிளினிக்காரர் கொடுக்கும் 'கிட்' பையை நம்பாதீர்கள்

"பிறப்புறுப்பு மருவை லேசரில் எடுக்கிறோம், திரும்ப வரவே வராது" என்று விளம்பரம் செய்த ஒரு தனியார் தோல் கிளினிக்கில், வேலூரில், 18,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். பெயரை இங்கே போடவில்லை. ஆனால் நடந்ததை எழுதுகிறேன். இந்த விஷயத்தை அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாமல் தவிக்கிற பெண்கள் நம் ஊரில் நிறைய பேர்.

மருவை எடுத்ததில் குறையில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சுட்டு எடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் டாக்டர் முகத்தையே பார்க்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் ஒரு பையைக் கொடுத்து, தனியாகக் காசு வாங்கினார். உள்ளே கிருமிநாசினி பாட்டில், பவுடர், கிளினிக் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கிரீம் ட்யூப். "காலையில சாயங்காலம் இதுல கழுவிட்டு கிரீம் தடவுங்க, பவுடர் போட்டுக்கோங்க." அவ்வளவுதான். எப்படி உட்காருவது, சிறுநீர் போகும்போது எரிந்தால் என்ன செய்வது, எது ஆபத்து என்று ஒரு வரி எழுதித் தரவில்லை. பில்லில் 'தோல் சிகிச்சை' என்று மட்டும் இருந்தது.

வேலூர் வெயில் உங்களுக்கே தெரியும். அந்த வியர்வையில் பவுடர் கட்டிகட்டியாகப் புண்ணில் ஒட்டிக்கொண்டது. கிருமிநாசினி பட்டால் உயிர் போகும். ஆறுவதற்குப் பதில் வீங்கி, சீழ் வைத்து, காய்ச்சலும் வந்தது. போன் செய்தால், "அப்படித்தான் இருக்கும் மேடம்." மறுபடி செய்தபோது, "நீங்க சுத்தமா வெச்சுக்கல, அதான்." வலியைவிட அந்தப் பேச்சுதான் என்னை அழ வைத்தது. சொன்னதையெல்லாம் அப்படியே செய்தவளிடம் இப்படிப் பேச எப்படி மனசு வருகிறது?

கடைசியில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா ட்யூப்பின் ஸ்டிக்கரை உரித்துக் காட்டினார். உள்ளே குளோபீட்டசால் என்ற கடுமையான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மருந்து. எல்லாம் கலந்த ஒரு கிரீம். ஸ்டீராய்டு அந்த இடத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், தோலை மெலிதாக்கும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். மரு வைரஸால் வருவது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை அங்கே தடவச் சொன்னது எவ்வளவு பெரிய அநியாயம்!

அவர் சொன்ன பராமரிப்பில் காசு செலவாகும் விஷயம் ஒன்றுகூட இல்லை. சுட்டு எடுத்த இடம் ஒரு தீக்காயம்தான். தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புண்ணின் மேல் சோப்பு, டெட்டால், மஞ்சள் எதுவும் படக்கூடாது. (அத்தை வேப்பிலை மஞ்சள் அரைத்து வைத்திருந்தார். அன்போடுதான் செய்தார், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும்.) அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் துடைக்காமல் மெல்ல ஒற்றி எடுத்து, டாக்டர் எழுதிய களிம்பை லேசாகத் தடவினால் போதும். சிறுநீர் எரிந்தால் போகும்போதே வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொள்ளலாம். மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். முடியை ஷேவ் செய்யக்கூடாது. வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவும். புண் முழுவதும் ஆறும்வரை தாம்பத்தியம் கூடாது.

உள்ளாடை விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் பெண்களின் உள்ளாடை பாத்ரூம் மூலையிலோ புடவைக்கு அடியிலோதான் காய்கிறது, பாதி ஈரத்தோடு எடுத்துப் போடுகிறோம். புண் இருக்கும்போது அது ஆகவே ஆகாது. தளர்வான பருத்தி உள்ளாடை, நல்ல வெயிலில் காய்ந்தது, வியர்த்தால் உடனே மாற்றுவது, துண்டு தனியாக. கூட்டுக் குடும்பத்தில் இது சுலபமில்லை என்று தெரியும். நான் மாடியில் தனிக் கொடி கட்டிக் காயப்போட்டேன்.

லேசாக நீர் கசிவதும் மஞ்சளாக ஏடு படிவதும் இயல்பு. ரத்தம் வந்தால் சுத்தமான காஸ் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். அப்படியும் நிற்காவிட்டாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

'திரும்ப வராது' என்ற உத்தரவாதமும் பொய்தான். பெரும்பாலான பிறப்புறுப்பு மருக்களுக்குக் காரணம் உடலுறவில் தொற்றும் எச்.பி.வி. என்ற வைரஸின் 6, 11 வகைகள். மருவை எடுத்தாலும் சுற்றியுள்ள தோலில் வைரஸ் இருக்கலாம். முதல் மூன்று மாதத்தில் திரும்ப வருவது சகஜம். வைரஸ் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் இருக்கும். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கிளினிக்கில் என் வீட்டுக்காரரைப் பற்றி ஜாடையாகப் பேசினார்கள். அதை நம்பி வீட்டில் சண்டை போட்டு விடாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் முக்கிய வகைகள் 16, 18 வேறு. ஆனால் அவையும் சேர்ந்தே தொற்றியிருக்கலாம் என்பதால் அதற்கான பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகளையும் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்கிறார்கள். போகத் தயங்கினால் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்யலாம், கட்டணமில்லை.

பணம் கட்டும் முன் டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள், தோல் மருத்துவம் படித்தவரா என்று பாருங்கள். மருந்துச் சீட்டில் மருந்தின் பெயர் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய ட்யூப் தந்தால் வாங்காதீர்கள். நான் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் ட்யூப்பின் படத்தோடு மனு கொடுத்திருக்கிறேன். அடுத்தது நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இதே மாதிரி ட்யூப் யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் பில்லோடு பத்திரமாக வையுங்கள்.