1970 பிரேசில் ஜெர்சி: துணிக்கு நாலு நட்சத்திரம், விளம்பரத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது

பழைய கால்பந்து உலகக் கோப்பை ஜெர்சிகளைப் பருத்தித் துணியில் திரும்பத் தைத்து விற்கிற சின்ன நிறுவனம் ஒன்றிடம் 1970 பிரேசில் மஞ்சளை வாங்கினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் திட்டப் போகிற விஷயத்தை அவர்கள் மட்டும் செய்வதில்லை, இந்தத் தொழிலில் பலரும் செய்கிறார்கள்.

முதலில் துணி. கனமான பருத்தி, தொட்டாலே தெரிகிறது. இன்றைய அதிகாரப்பூர்வ ஜெர்சிகள் எல்லாம் பாலியஸ்டர். அதிலும் வீரர்கள் போடுவது ஒன்று, ரசிகர்களுக்கு விற்பது ஒன்று. வீரர்களுடையது மெல்லிசாக உடம்போடு ஒட்டி நிற்கும், சின்னத்தைச் சூடு வைத்து ஒட்டியிருப்பார்கள். ரசிகர்களுடையது கொஞ்சம் தளர்வு, சின்னம் எம்பிராய்டரி. வயிறு முன்னே வந்தவர்கள் ஆசைப்பட்டு வீரர் ஜெர்சியை வாங்கி மாட்டிக்கொண்டு மூச்சுப் பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பருத்தி ஜெர்சியில் அந்தக் கஷ்டம் இல்லை. நம் உடம்பை அப்படியே விட்டுவிடுகிறது.

ஆனால் இதைப் போட்டுக்கொண்டு விளையாட முடியாது. போட்டுப் பார்த்தேன். இடைவேளைக்குள் வியர்வை முழுவதையும் குடித்துவிட்டு முதுகில் தொங்கியது. 1970 இறுதிப் போட்டி மெக்சிகோ நகரத்தில், கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே, நண்பகல் 12 மணிக்கு நடந்தது. ஐரோப்பியத் தொலைக்காட்சிக்குத் தோதான நேரம் என்று அந்த வெயிலில் ஓடவிட்டார்கள். 86ஆவது நிமிடத்தில் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ வலப்பக்கம் ஓடி வந்து இத்தாலிக்கு எதிராக நான்காவது கோலை அடித்த வேகத்தை, இந்தத் துணியைப் போட்டு ஓடிய பிறகு இன்னும் கூடுதலாக மதிக்கிறேன்.

விவரங்களில் அக்கறை எடுத்திருக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதுகில் பச்சையில் 10, பெயர் இல்லை. அந்தக் காலத்தில் பெயர் போடும் வழக்கம் கிடையாது. மார்புச் சின்னத்தில் இன்றைய கூட்டமைப்பின் சுருக்கமான சிபிஎஃப் என்று இல்லாமல், பழையதன் சுருக்கமான சிபிடி என்று இருக்கிறது. சரிதான், இன்றைய கால்பந்துக் கூட்டமைப்பு 1979இல்தான் வந்தது, அதற்கு முன் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே கூட்டமைப்பு. சின்னத்துக்கு மேலே நட்சத்திரமும் இல்லை. அவை அந்த மூன்றாவது கோப்பையை வென்ற பிறகு ஏறியவை. 1970 என்று போட்டுவிட்டு ஐந்து நட்சத்திரத்தோடு விற்கிற கடைகளும் இருக்கின்றன.

குறைகள்: கழுத்துப் பட்டையின் பச்சைச் சாயம் முதல் சலவையிலேயே மஞ்சளில் கசிந்து, ஓரத்தில் லேசாக ஒரு கறை. தனியாக, குளிர்ந்த தண்ணீரில், உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள். நீளம் கொஞ்சம் சுருங்குகிறது, ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நல்லது. எண்ணைத் தனித் துணியில் வெட்டித் தைத்திருப்பதால் நாற்காலியில் சாய்ந்தால் முதுகில் உறுத்தும். ஆனால் ஸ்டிக்கர் எண்ணைப் போல உரியாது.

இப்போது திட்டு. உள்ளே ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள். கால்பந்தில் அரசியல் நுழைவதற்கு முன்பிருந்த தூய்மையான ஜெர்சி இது என்ற அர்த்தத்தில் நாலு வரி. எழுதியவருக்கு 1970 என்ற எண்ணைத் தவிர அந்த ஆண்டைப் பற்றி வேறொன்றும் தெரிந்திருக்காது.

அவர்கள் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று புரிகிறது. பிரேசிலில் இன்றைய மஞ்சள் ஜெர்சி கட்சிக்கொடி மாதிரி ஆகிவிட்டது. 2015, 2016இல் அன்றைய அதிபர் தில்மா ரூசெஃபைப் பதவியிலிருந்து இறக்கச் சொல்லித் தெருவில் இறங்கிய கூட்டம் அதைத்தான் போட்டிருந்தது. 2018 அதிபர் தேர்தலில் வலதுசாரி வேட்பாளர் போல்சனாரோவின் ஆதரவாளர்கள் அதையே சீருடை ஆக்கிக்கொண்டார்கள். 2023 ஜனவரி 8 அன்று தலைநகர் பிரேசிலியாவில் நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் அதிபர் மாளிகையையும் அடித்து நொறுக்கிய கூட்டத்திலும் மஞ்சள்தான். 2022 தேர்தல் சமயத்தில் ஜெர்சியில் பெயர் அச்சிட்டு விற்ற அங்குள்ள அதிகாரப்பூர்வ இணையக் கடை, போட்டியிட்ட போல்சனாரோ, லூலா என்ற இரண்டு பெயர்களையும் ஏற்காதபடி தடுத்து வைத்தது. இதனால் பல ரசிகர்கள் நீல ஜெர்சிக்கு மாறினார்கள், சிலர் ரெட்ரோவுக்கு, அதாவது பழைய காலத்து ஜெர்சிக்கு. அந்த ரெட்ரோ ஆட்களைக் குறிவைத்துத்தான் ‘தூய்மை’ வியாபாரம்.

ஆனால் தூய்மைக்கு 1970ஐயா தேடிப் பிடிப்பது? 1968 டிசம்பரில் ராணுவ ஆட்சி நாடாளுமன்றத்தை மூடி, அரசியல் கைதிகளுக்கு ஆட்கொணர்வு மனு போடும் உரிமையையும் பறித்திருந்தது. 1969 அக்டோபரில் ஜெனரல் மெடிசி அதிபரானார். மனிதர் நிஜமாகவே கால்பந்துப் பைத்தியம், அதை மறுக்கவில்லை. அணியின் பயிற்சியாளர் ஜோவாவ் சல்தான்யாவோ கம்யூனிஸ்ட். தகுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களையும் வென்று கொடுத்தவரை, கோப்பைக்கு மூன்று மாதம்கூட இல்லாதபோது, 1970 மார்ச்சில் நீக்கினார்கள். அவர் கோபக்காரர், கூட்டமைப்போடு வேறு சண்டைகளும் இருந்தன. ஆனால் அதிபருக்குப் பிடித்த தாரியோ என்ற முன்கள வீரரைச் சேர்க்க அவர் மறுத்ததும் நாடறிந்த கதை. அடுத்து வந்த ஜகாலோ, தாரியோவை மெக்சிகோவுக்கு அழைத்துப் போனார், ஒரு நிமிடம்கூட ஆட விடவில்லை. அதிபருக்கும் மரியாதை, அணிக்கும் சேதமில்லை. இதைவிடச் சாமர்த்தியமான அரசியலை நான் எந்தச் சட்டமன்றத்திலும் பார்த்ததில்லை.

வென்று திரும்பியதும் கோப்பையோடு மெடிசி படம் எடுத்துக்கொண்டார். பெலே துள்ளி எழும் படத்தைப் போட்டு, இனி இந்த நாட்டை யாராலும் தடுக்க முடியாது என்கிற தொனியில் ஆட்சி விளம்பரம் செய்தது. சாவ் பாவ்லோ மேயர் பாவ்லோ மலூஃப் வீரர்களுக்கு ஆளுக்கொரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை நகராட்சிப் பணத்தில் பரிசாகக் கொடுத்தார். வண்ணத்தில் உலகத்துக்கு ஒளிபரப்பான முதல் கோப்பை அது. அந்த மஞ்சள் நிறம் திரையில் எப்படி ஜொலித்திருக்கும், எந்த ஆட்சியாளர்தான் அதை விட்டுவைப்பார்?

கோப்பை நடந்த அந்த 1970 ஜூன் மாதத்தில், எதிர்ப்புக் குழு ஒன்றில் இருந்ததற்காகச் சித்திரவதைக்கு ஆளாகி 22 வயதுப் பெண் ஒருவர் சிறையில் இருந்தார். அவர்தான் தில்மா ரூசெஃப். பின்னாளில் அதிபராக, 2014இல் தன் நாட்டிலேயே உலகக் கோப்பை நடந்தபோது அந்த நாட்களைப் பற்றிப் பேசினார். அணியை ஆதரித்தால் சர்வாதிகாரத்துக்கு வலுச் சேர்ப்பதாகுமா என்று கைதிகளுக்குள் விவாதம் நடந்ததாம். தனக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை, அணியைத்தான் ஆதரித்தேன் என்றார். அடுத்த ஆண்டு அவரை இறக்கச் சொன்ன கூட்டம் போட்டிருந்ததும் அதே அணியின் மஞ்சள்.

எனக்கு இந்த ஒரு விஷயம் போதும். தன்னை அடைத்து வைத்த ஆட்சி கொண்டாடிய அணியையே உள்ளே இருந்து ஆதரித்தவர் இருக்கும்போது, வெளியே வசதியாக உட்கார்ந்திருக்கும் நான் ஒரு கட்சிக்காரன் போட்டான் என்பதற்காக மஞ்சளைக் கழற்ற மாட்டேன். கழற்றினால் அவன் கேட்டதை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி. அதே சமயம், இதில் அரசியலே ஒட்டவில்லை என்று நடிக்கவும் மாட்டேன்.

என் மச்சான் அர்ஜென்டினா ஆள். ‘உங்க ஜெர்சிக்குத்தான் இந்தப் பஞ்சாயத்து எல்லாம்’ என்று சிரித்தார். 1978இல் உங்கள் கேப்டன் பாசரெல்லா கையில் கோப்பையைக் கொடுத்தது யார் மச்சான் என்று கேட்டேன். அங்கே ராணுவ ஆட்சி நடத்திய விதேலா. இறுதிப் போட்டி நடந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே கடற்படைப் பள்ளி, அதற்குள் ஆட்களைக் கடத்தி வைத்துச் சித்திரவதை. மச்சான் பேச்சை மெஸ்ஸிக்கு மாற்றிவிட்டார். புத்திசாலி.

விளையாட்டையும் அரசியலையும் கலக்காதே என்பவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: வீரன் பேசினால் வருகிற கோபம், தலைவர் ஜெர்சி போட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஏன் வருவதில்லை? எனக்கு நேர்மாறு. வீரன் பேசட்டும். 1982இல் பிரேசில் கால்பந்து வீரர் சாக்ரடீஸ் ஆடிய கொரிந்தியன்ஸ் கிளப், நவம்பர் 15 அன்று வாக்களியுங்கள் என்று முதுகில் எழுதிக்கொண்டு களம் இறங்கியது. எவருக்கு வாக்களி என்று இல்லை, போய் வாக்களி என்று மட்டும். ராணுவ ஆட்சி நடக்கும்போதே அது நடந்தது. 1984இல் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறினால் நாட்டைவிட்டுப் போகமாட்டேன் என்று கூட்டத்தின் நடுவே சொன்னார் சாக்ரடீஸ். நிறைவேறவில்லை, இத்தாலிக்கு, ஃபியோரென்டினா கிளப்புக்குப் போனார். அந்த மனிதரைக் கொண்டாடுகிற நான், 2022இல் போல்சனாரோவை வெளிப்படையாக ஆதரித்த நெய்மாரை மட்டும் வாயை மூடு என்று சொல்ல முடியாது. அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லும் உரிமை சாக்ரடீஸுக்கு இருந்த அளவு அவருக்கும் உண்டு.

ஆட்ட விதி நான்கின்படி, வீரனின் உடையில் அரசியல் வாசகம் இருக்கக்கூடாது. சரி, இருக்கட்டும். அந்த விதியை மற்றவர்களுக்கு நினைவூட்டும் ஃபிஃபா, 2025 டிசம்பரில் உலகக் கோப்பைக் குலுக்கல் மேடையிலேயே பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் டிரம்புக்கு அமைதி விருது கொடுத்தது. அப்புறம் எதற்கு அந்த விதியை வீரனுக்கு மட்டும் படித்துக் காட்டுகிறீர்கள்?

சரி, ஜெர்சிக்கு வருவோம். உட்கார்ந்து ஆட்டம் பார்க்க, நண்பர்களோடு வெளியே போக, அருமையான துணி. ஆட வேண்டுமென்றால் பாலியஸ்டரே வாங்குங்கள். சாயக் கசிவைச் சரிசெய்தால் நாலை நாலரை ஆக்கிவிடுவேன். அட்டையை மட்டும் பிரித்ததும் குப்பையில் போட்டுவிடலாம். அதில் எழுதத் தகுந்த கதை இல்லாமலா? 1950இல் வெள்ளை உடுப்பில் மரகானா மைதானத்தில் உருகுவேயிடம் தோற்றபின், 1953இல் ஒரு செய்தித்தாள் நடத்திய போட்டியில் 19 வயது அல்தீர் ஷ்லே வரைந்து வென்ற உடுப்புதான் இந்த மஞ்சள். தேசியக் கொடியின் நான்கு நிறங்களும் வரவேண்டும் என்பது நிபந்தனை. வரைந்தவர் உருகுவே எல்லையோர ஊர்க்காரர், மனசுக்குள் உருகுவே ரசிகர். நாட்டுப்பற்று யாருக்கு எவ்வளவு என்று ஜெர்சியை வைத்து அளப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

அந்த 1950 வெள்ளையையும் இதே துணியில் தைக்கப் போவதாகத் தளத்தில் போட்டிருக்கிறார்கள். வந்தால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவேன். அட்டை வைப்பதாக இருந்தால் எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு மெயில் போடுங்கள், இலவசமாகவே எழுதித் தருகிறேன்.