குழந்தைக்குத் தலை சிடி ஸ்கேன்: ராமநாதபுரத்தில் ஒரு சென்டர்

குறை சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். டோக்கன் என்று ஒன்று கொடுப்பார்கள், அதை யாரும் மதிப்பதில்லை. கட்டணப் பலகை கிடையாது. ரிப்போர்ட்டில் என் அண்ணன் மகன் பெயரை இரண்டு விதமாக அடித்திருந்தார்கள். இவ்வளவு இருந்தும், சின்னப் பிள்ளைக்குத் தலை ஸ்கேன் என்றால் அங்கேதான் போகச் சொல்வேன்.

மண்டபம் ஊர்க் கடற்கரையில் ஏற்றிப் போட்டிருந்த வல்லப் படகிலிருந்து தலைகுப்புற விழுந்துவிட்டான், ஆறு வயதுப் பையன். விடாத வாந்தி, கண் சொருகல். ஸ்கேன் தேவைதான், அதில் வாதமில்லை. ஆனால் டாக்டர் சீட்டில் சாதாரணமாக ஒரு முறை, படம் துலங்க ஊசி வழியாக மருந்து ஏற்றி இன்னொரு முறை என்று எழுதியிருந்தது. சென்டரின் ரேடியாலஜி டாக்டர் எழுதியவருக்கே போன் போட்டார். அடிபட்ட ரத்தக்கசிவுக்கு மருந்து போடாத படமே போதும் என்று பேசி, இரண்டாவதை எடுத்துவிட்டார். பில் குறையும் என்று தெரிந்தும் செய்தார், பாருங்கள்! கதிர்வீச்சும் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள், சும்மா இருப்பேனா? டெக்னீஷியன் தம்பியைத் துளைத்துவிட்டேன். பெரியவர்களுக்கான அளவை மாற்றி, பிள்ளைகளுக்கு உரிய அளவில் மில்லிஆம்பியரை, அதாவது எக்ஸ்ரே குழாயில் ஓடும் மின்னோட்டத்தை, குறைத்து வைத்தார். சின்ன மண்டை, மெல்லிய எலும்பு, குறைந்த கதிரே போதும். தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தினார். கண் கதிர்ப்பாதையை விட்டு விலக வேண்டுமாம். நெற்றியில் பட்டை ஒட்டி, ஈய ஏப்ரன் போட்ட அண்ணியைக் காலருகே நிற்க வைத்தார். மயக்க ஊசி தேவைப்படவில்லை.

"கண்ணுக்கும் ஈயத்துணி போடுங்க தம்பி" என்றார் அண்ணி. "வேண்டாம்க்கா, படத்துல கோடு கோடா விழும், அப்புறம் மறுபடி எடுக்கணும்."

ரத்தக்கசிவு எதுவும் இல்லை. எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தார்கள் என்று காட்டும் டோஸ் பக்கத்தைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் அச்செடுத்துத் தந்தார்கள். இந்த வயதுக்குத் தலை ஸ்கேன் ஒன்றுக்குத் தோராயமாக 2 மில்லிசீவர்ட் (உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கைக் கதிர்வீச்சிலிருந்தே ஒருவருக்கு உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. பயந்து ஓட வேண்டியதில்லை, வீணாக எடுக்கவும் வேண்டியதில்லை.

ஸ்கேன் படங்களைப் பதிந்து தரும் சிடி தட்டுக்குத் தனிக் காசு, அதுவும் நாம் கேட்டால்தான் தருவார்கள். மதுரைக்குப் போகிறவர்கள் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் ரிப்போர்ட்டை நீட்டினால் அங்கே மறுபடி எடுக்கச் சொல்லக்கூடும்.