புதுப்பித்த ஏர் ரைபிளும் மூன்று அடைமழையும்

கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றங்கரையில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே பத்து மீட்டர் அளந்து, ஆற்று மணல் மூட்டைகளை அடுக்கி, மூன்று ஆண்டுகளாகக் குறி பார்த்துச் சுடப் பழகிவருகிறேன். குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள் அது. பழையதைப் புதுப்பித்து விற்கும் கடையில் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். 2016 ஆயுத விதிகளின்படி இந்த அளவில், 20 ஜூலுக்கு மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை.

முதல் நாளே வெடிச் சத்தமும் புகையும் வந்தன. பயந்துபோனேன். கடையில் உருளைக்குள் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். பிஸ்டன் காற்றை நெருக்கும் சூட்டில் அது எரிகிறது. நாற்பது குண்டுகளுக்குப் பிறகு அடங்கியது. ஆனால் அப்படித் தொடர்ந்து எரிந்தால் பிஸ்டன் முனையிலுள்ள தோல் வாஷரும் ஸ்பிரிங்கும் பாழாகும்.

முதல் அடைமழையில் வேகம் குறைந்தது. ஸ்பிரிங் போய்விட்டது என்றார்கள் பார்த்தவர்கள் எல்லோரும். குண்டு போட்டுக் குழலை மூடி, அந்த மூட்டின் மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். காகிதம் துள்ளிப் பறந்தது. குழலின் அடிவாயிலிருந்த ரப்பர் வளையம் தட்டையாகிக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. வளையத்தை மாற்றியதும் பழைய வேகம் திரும்பியது.

அடுத்த சித்திரையில் மீண்டும் சோர்ந்தது. இம்முறை காகிதம் அசையவில்லை. "சைக்கிள் பம்பு மாதிரிதான் தம்பி, தோல் காய்ந்தால் காற்று நிற்காது" என்றார் லேத் பட்டறை அண்ணன். கவ்வியில் பிடித்துத்தான் அவரே பிரித்தார். குழலை மடக்கி ஏற்றாதபோதும் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தில்தான் இருக்கும். தயவுசெய்து வீட்டில் கழற்றாதீர்கள். குண்டு போடும்போதும் மடக்கிய குழலிலிருந்து ஒரு கையை எடுக்கவே கூடாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது குறி தவறியதுதான். இரண்டாம் ஐப்பசியில் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. குழலைத் துடைத்தேன், குண்டு வகையை மாற்றினேன், என் மூச்சைக் கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில், துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டையின் முன் ஸ்க்ரூவைத் திருகியபோது அது பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நகத்தால் சுரண்டினேன். வார்னிஷ் ஏடாக உரிந்து வந்தது. அடியில் வெள்ளைப் பட்டி, அதற்கும் அடியில் விரலளவு விரிசல். உடைந்த கட்டையைப் பூசி மறைத்து விற்றிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆசாரி பூவரசந் துண்டை இழைத்து ஒட்டி, புதிதாகத் துளையிட்டுக் கொடுத்தார். அன்று மாலை ஐந்து குண்டுகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. பழையதை வாங்குகிறவர்கள் குழலின் பளபளப்பைப் பார்க்காமல், ஸ்க்ரூ துளைகளைப் பாருங்கள்.

மழைக்காலத்தில் ரெக்சின் உறையில் வைக்காதீர்கள். ஒரே இரவில் துருப்புள்ளி விழும். எண்ணெய்த் துணியால் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.

நடவு வயலில் கொக்கு இறங்கும்போது, அடித்துக் காட்டச் சொல்லிப் பையன்கள் கேட்கிறார்கள். 1972 வனவுயிர்ச் சட்டம் அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் நான் செய்யமாட்டேன். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே பத்து மீட்டர்தான், அங்கே நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் என்று சொல்லி இலக்கு அட்டையைக் காட்டுகிறேன்.

இப்போது விரலால் இழுக்கும் விசை மட்டும் கனமாக இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்ததும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.