கப்பல் எங்கிருந்து புறப்படும்? திருகோணமலையும் அதன் போட்டித் துறைமுகங்களும்

திருகோணமலையில் உல்லாசக் கப்பல் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் உடனே ஆழத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, எந்தக் காற்றுக்கும் அசையாத உட்குடா, இவ்வளவு இருந்தும் கப்பல் கொழும்பிலிருந்துதானே புறப்படுகிறது என்ற ஆதங்கம் பின்னால் வரும். ஆதங்கம் சரி. ஆனால் இந்தப் போட்டியில் ஆழம் செல்லாக்காசு. உல்லாசக் கப்பலின் உயரமெல்லாம் தண்ணீருக்கு மேலேதான். ஐகான் ஆஃப் த சீஸ் 365 மீற்றர் நீளம்; உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் வகையைச் சேர்ந்தது. அதற்கே தண்ணீருக்குள் 9 மீற்றருக்குச் சற்று மேல்தான் தேவை. அந்த அளவு ஆழம் கொழும்பிலும் உண்டு, அம்பாந்தோட்டையிலும் தாராளமாக உண்டு.

அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? முதலில், கப்பல் வந்து போவது வேறு, கப்பல் புறப்படுவது வேறு. வந்து போகும் கப்பலின் பயணி காலையில் இறங்கி, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி என்று ஒரு பஸ்ஸில் சுற்றிவிட்டுப் பின்னேரம் ஏறிவிடுவார். சாப்பாட்டுக்குக் கப்பலில் ஏற்கெனவே காசு கட்டியாயிற்று. இளநீருக்கும் ஓட்டோவுக்கும் கொடுப்பதுதான் ஊரில் மிஞ்சும். புறப்படும் துறைமுகத்தில் அதே பயணி முதல்நாளே வந்து ஹோட்டலில் தங்குகிறார். கப்பலுக்கு மரக்கறி, மீன், முட்டை, குடிநீர், எரிபொருள் எல்லாம் ஏறுகின்றன, குப்பை இறங்குகிறது, மாலுமிகள் மாறுகிறார்கள். ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பெட்டியோடு இறங்க, அதே அளவு ஆட்கள் பெட்டியோடு ஏற வேண்டும். அதனால் கப்பல் கம்பனிகள் துறைமுகத்தோடு சேர்த்து அதன் பின்னால் இருக்கும் ஊரையும், அதைவிட முக்கியமாக விமான நிலையத்தையும் பார்க்கின்றன.

இந்தக் கணக்கில் கொழும்பை வெல்ல இலங்கையில் ஆளில்லை. கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 30 கிலோமீற்றர்தான், 2013இல் திறந்த அதிவேகப் பாதை அதையும் சுருக்கிவிட்டது. பெரிய ஹோட்டல்கள் துறைமுக வாசலிலேயே நிற்கின்றன. அங்கிருந்து திருகோணமலைக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர், ஐந்து ஆறு மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் பறந்து வந்த ஜெர்மன் தம்பதியை அதற்கு மேலும் ஹபரணைக் காட்டு வழியாக வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே சீனன்குடாவில் ஓடுபாதை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது விமானப்படையின் முகாம். உள்ளூர்ச் சிறு விமானங்களோடு சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் கொழும்பு நமக்குப் பின்னால். சிகிரியா கொழும்பிலிருந்து நாலு மணி நேரம். திருகோணமலையிலிருந்து நூறு கிலோமீற்றர் அளவுதான். பொலன்னறுவையும் ஏறத்தாழ அதே தூரம். காலையில் இறங்கியவர் சிகிரியா ஏறிவிட்டு மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பலாம். நமது சுற்றுலாக்காரர்கள் இதைச் சத்தமாகச் சொல்லாதது எனக்கு விளங்கவில்லை.

அம்பாந்தோட்டையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2010இல் திறந்தார்கள், 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். 17 மீற்றர் ஆழம், கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் வசதி, பக்கத்தில் மத்தள விமான நிலையம், யால காடு. தாளில் எல்லாம் இருக்கிறது. மத்தளவில் விமானம்தான் அரிது.

இனி, பலர் தவறவிடும் விஷயம்: மாதம். ஐரோப்பியக் கம்பனிகளின் கப்பல்கள் இந்து சமுத்திரத்துக்கு வருவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அங்கே குளிர்காலத்தில். பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2022 நவம்பர் இறுதியில் வந்த மைன் ஷிஃப் 5 என்ற ஜெர்மன் கம்பனிக் கப்பல் கொழும்பைப் பார்த்துவிட்டு அம்பாந்தோட்டைக்குப் போனது. அந்த நேரம் மேற்கிலும் தெற்கிலும் கடல் அடங்கியிருக்கும். நமக்கோ வாடைக் காலம், அதாவது வடகிழக்குப் பருவமழை. உட்துறைமுகம் அப்போதும் அமைதிதான், ஆனால் வெளியே கடல் பொங்கும், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் படகு ஓடாது, கோயில் மலையில் நின்றால் மழை முகத்தில் அடிக்கும். 2020 டிசம்பரில் புரெவி புயல் கரையேறியதும் நமது மாவட்டத்தின் வடகரையில்தான். குடா எவ்வளவு பாதுகாப்பானது என்றாலும் பயணி வருவது வெயிலுக்கும் கடற்கரைக்கும்.

மே முதல் செப்டெம்பர் வரை எல்லாம் தலைகீழ். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் கொழும்புக் கடல் குழம்பும், நிலாவெளி கண்ணாடியாய்க் கிடக்கும். ஐரோப்பியக் கப்பல்கள் அப்போது இந்தப் பக்கம் இல்லை. இருப்பது யார் என்றால், இந்தியாவின் கோர்டெலியா உல்லாசக் கப்பல் கம்பனி. மும்பையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது அந்தக் கம்பனி கப்பலைச் சென்னைக்குக் கொண்டுவருகிறது. 2023 ஜூன் 5ஆம் திகதி அவர்களது எம்ப்ரெஸ் கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. 1990இல் கட்டிய கப்பல், 48 ஆயிரம் தொன், 211 மீற்றர். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றும் அதன் பட்டியலில் இருந்தன.

பூகோளமும் இங்கே நமக்குத் துணை. பாக்கு நீரிணை பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற கப்பல் தீவைக் கிழக்கும் தெற்குமாகச் சுற்றித்தான் போக வேண்டும். வழியில் நாம் இருக்கிறோம். சென்னைக்கும் நமக்கும் ஏறக்குறைய 280 கடல் மைல். மாலையில் புறப்பட்ட கப்பல் அவசரமில்லாமல் வந்தாலும் மறுநாளே சேர்ந்துவிடும்.

எனவே எங்களுடைய உண்மையான போட்டி காங்கேசன்துறையோடும் விசாகப்பட்டினத்தோடும்தான். சென்னைக் கப்பலின் மூன்று நான்கு இரவுகளை யார் பிடிப்பது என்பதே கேள்வி. விசாகப்பட்டினத்தில் 2023இல் தனி உல்லாசக் கப்பல் முனையமே கட்டித் திறந்துவிட்டார்கள். (புதுச்சேரியும் போட்டியில் இருந்தது. 2022 ஜூனில் கப்பலில் சூதாட்டம் நடக்கிறது என்ற எதிர்ப்பில் அந்த அரசு அனுமதி மறுத்தது.) காங்கேசன்துறைக்கு யாழ்ப்பாணம், நல்லூர் என்ற கவர்ச்சி இருக்கிறது. நாகபட்டினத்துக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் படகும் இருக்கிறது. துறைமுகத்தைச் சீரமைக்கும் செலவான 615 இலட்சம் டொலரை முழுவதும் மானியமாகத் தர 2024இல் இந்தியா ஒப்புக்கொண்டது. பக்கத்திலேயே பலாலி விமான நிலையம், அங்கிருந்து சென்னைக்கு விமானம். ஆள் ஏற்றி இறக்கும் பழக்கம் அங்கே தொடங்கிவிட்டது. நாம் இன்னும் வருபவருக்கு மேளம் அடித்து மாலை போடுவதில் நிற்கிறோம்.

என் அபிப்பிராயத்தில் திருகோணமலை முழு ஹோம் போர்ட்டாக, அதாவது கப்பல் பயணம் தொடங்கி முடியும் துறைமுகமாக வேண்டும் என்று கேட்பது வீண். கேட்க வேண்டியது பாதி. மத்தியதரைக் கடலில் எம்.எஸ்.சி., கொஸ்டா போன்ற கம்பனிகள் ஒரே சுற்றில் பார்சலோனா, மார்செய், ஜெனோவா என்று பல இடங்களில் ஆள் ஏற்றுகின்றன. ஒருவருக்கு ஜெனோவாவில் பயணம் தொடங்கும், பக்கத்து அறைக்காரருக்கு பார்சலோனாவில். இரண்டாயிரம் பேருக்கு விமான நிலையம் வேண்டும். எண்பது பேருக்கு மூன்று பஸ் போதும். சென்னைக் கப்பல் வரும் வாரங்களில் ஐம்பது அறை திருகோணமலைக்கு ஒதுக்கினால், இங்கும் மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் கண்டியிலும் இருந்து குடும்பங்கள் ஏறலாம். சென்னையில் இறங்கிக் கோயிலும் கடையும் பார்த்து, அடுத்த சுற்றில் திரும்பலாம். இந்திய இ-விசாவோடு இறங்கக்கூடிய துறைமுகங்களில் சென்னையும் ஒன்று.

பலாலியிலிருந்து ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் பறந்துவிடலாமே என்று கேட்டால், பறக்கலாம். அவசரமாகப் போகிறவர் பறக்கட்டும். கப்பலில் ஏறுபவர் கப்பலுக்காகவே ஏறுவார். அம்மம்மாவையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போக நினைக்கும் குடும்பம் இங்கே குறைவில்லை.

தேவைப்படுவது பெரிய கட்டடமும் இல்லை. நமது துறைமுகத்தின் அஷ்ரஃப் இறங்குதுறையில் வெயிலும் மழையும் படாத ஒரு கூடம், குடிவரவு அதிகாரிகளுக்கு இரண்டு மூன்று மேசை, பெட்டி பார்க்கும் இயந்திரம், கப்பல் நாளில் வாசல் வரை பஸ் வர அனுமதி. கடைசியாகச் சொன்னதுதான் சிக்கல், ஏனென்றால் உட்துறைமுகத்தில் கடற்படைத் தளமும் இருக்கிறது, உள்ளே போகும் ஒவ்வொரு வாகனத்துக்கும் கேள்வி உண்டு. கம்பனிகள் கால அட்டவணையை வெகு முன்கூட்டியே போட்டுவிடுகின்றன. பயணி ஏறும் நாளன்று வாசலில் பெயர்ப்பட்டியல் தேடினால் சரிவராது. துறைமுக அதிகார சபையும் கடற்படையும் குடிவரவுத் திணைக்களமும் வாடை முடிவதற்குள் ஒரு மேசையில் இருந்து இதைப் பேசி எழுத்தில் வைத்தால், அந்தக் கடிதத்தோடு சென்னைக்குப் போய் ஐம்பது அறை கேட்கலாம்.