கோலாலம்பூரில் நீண்ட ஓட்டம்: விடியற்காலையா, மாலையா, டிரெட்மில்லா?

கோலாலம்பூரில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. வருடம் முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் இன்னும் ஏறும். 'வெயில் தணியட்டும், அப்புறம் பயிற்சியைத் தொடங்கலாம்' என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வாரம் ஒருமுறை 20, 25 கிலோமீட்டர் ஓட வேண்டியவருக்கு இருப்பவை மூன்று வழிகள்: விடியும் முன் ஓடுவது, வேலை முடிந்து மாலையில் ஓடுவது, ஜிம்முக்குள் டிரெட்மில்லில் ஓடுவது. காலை 11 மணிக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

விடியற்காலைக்கு எதிராக அடிக்கடி காதில் விழும் வாதம் இது: "காலையில் ஈரப்பதம் 95 சதவீதம், பிற்பகலில் 60தான். அதனால் பொழுது சாய்வதற்கு முன் ஓடினால்தான் வியர்வை சீக்கிரம் காயும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சதவீதம் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதையே சொல்கிறது. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 95 சதவீதம், 33 டிகிரியில் 60 சதவீதம், இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் காற்றிலுள்ள நீராவி ஏறக்குறைய ஒரே அளவுதான். வியர்வை எவ்வளவு ஆவியாகும் என்பது தோலுக்கும் காற்றுக்கும் உள்ள நீராவி அழுத்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆக, அந்த விஷயத்தில் பிற்பகலுக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

லாபம் காலைக்குத்தான். ஓடும்போது தோலின் வெப்பநிலை 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும். காற்று 25 டிகிரியில் இருந்தால், வியர்வை இல்லாமலே கொஞ்சம் சூடு உடலைவிட்டு வெளியேறும். காற்றும் 33 என்றால் அந்த வாசல் அடைபட்டுவிடும். மேலே சூரியன் வேறு. மலேசியாவில் பெரிய மாரத்தான்களை விடிவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோலாலம்பூரில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடுவது இன்னொரு வசதி. ஐந்து மணிக்குக் கிளம்பினால் முதல் இரண்டு மணி நேரம் நிழல் தேட வேண்டியதில்லை. சிரமங்களும் உண்டு: இருட்டு, தெருநாய்கள், வேகமாக வரும் வண்டிகள். தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடுவது இதற்கு ஒரு வழி. கேஎல்சிசி பூங்காவின் ரப்பர் பாதை முழங்காலுக்கு இதம், ஆனால் ஒரு சுற்று 1.3 கிலோமீட்டர்தான், 20 கிலோமீட்டருக்குப் பதினைந்து சுற்றுக்கு மேல் என்றால் பொறுமைசாலிகளுக்கே சலிக்கும். அப்புறம் தூக்கம். சனிக்கிழமை கல்யாண விருந்தில் நள்ளிரவு வரை இருந்துவிட்டு நான்கு மணிக்கு எழுந்து ஓடுவது புத்திசாலித்தனம் அல்ல. தூக்கம் கெட்ட உடல் வெப்பத்தைச் சரியாகத் தாங்காது. அந்த வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

மாலை ஓட்டத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. நான்கு, ஐந்து மணிக்கு நல்ல மழை கொட்டி ஓய்ந்தால் காற்று சட்டென்று 25, 26 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட மாலை கிடைத்தால் பத்து கிலோமீட்டர் சுகமாக ஓடலாம். மழை வராத நாளில்தான் சிக்கல்: ஆறு மணிக்கும் வெயில் அடிக்கும், பகல் முழுக்கச் சூடேறிய தார்ச்சாலை கீழிருந்து அனல் வீசும், அலுவலகத்தில் தண்ணீர் குடிக்க மறந்த உடல் வேறு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் இடி மின்னலும் சேர்ந்துகொள்ளும். இடி காதில் விழுந்தாலே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வெளியே வர வேண்டாம். இத்தனையையும் நம்பி நீண்ட ஓட்டத்தைத் திட்டமிட முடியாது. குறுகிய ஓட்டத்துக்கு மட்டும் மாலை.

டிரெட்மில்? புகைமூட்டம் வரும் நாட்களில் அதுவே சரி. காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே நீண்ட ஓட்டம் வேண்டாம். ஆனால் நின்ற இடத்தில் ஓடும்போது எதிர்க்காற்று இல்லை. ஏசி இருந்தும் பலர் தொப்பலாக நனைவது அதனால்தான். முன்னால் ஒரு மின்விசிறி அவசியம். பெரிய குறை வேறு. வெப்பத்துக்கு உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும்: இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். சில வாரம் ஏசிக்குள்ளேயே ஓடினால் அந்தப் பழக்கம் மெல்லக் கரைந்துவிடும். பந்தயம் திறந்தவெளியில் என்றால் வாரத்தில் சில நாளாவது வெளியே ஓடியாக வேண்டும்.

குடிப்பதிலும் போட்டி உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் உப்பும் சர்க்கரையும் உள்ள ஹண்ட்ரட் பிளஸ் போன்ற பானம் உதவும். அதிலுள்ள வாயு வயிற்றைப் பிசையும் என்பவர்கள் முதலிலேயே திறந்து வாயுவை வெளியேற்றிவிடலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம்; நாம் வியர்வையில் இழக்கும் சோடியமோ அதில் குறைவு. ஓடி முடித்துப் பசியாறும்போது இளநீர் நல்லது, ஓட்டத்தின் நடுவில் அதையே நம்ப வேண்டாம். உப்புப் போட்ட மோரும் முடித்த பிறகுதான். தாகம் இல்லாமல் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து: இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகலாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

எந்த நேரத்தைத் தேர்ந்தாலும், கூட ஓடுபவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, அது வெப்பத் தாக்கமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். வியர்வை கொட்டுகிறதே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். வெப்பத் தாக்கத்திலும் வியர்க்கும். உடனே 999ஐ அழைத்து, நிழலில் கிடத்தி, கிடைக்கும் குளிர்ந்த தண்ணீரையெல்லாம் உடல் முழுக்க ஊற்றி விசிற வேண்டும். பெரிய தொட்டி இருந்தால் தலை மூழ்காமல் கழுத்துவரை இறக்குவது இன்னும் நல்லது. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தவும் கூடாது.